கடல்கட்டியின் கையெழுத்து

என் இருபத்துமூன்றாவது வயதில் நான் ஒரு ராச்சியத்தை ஆண்டேன். சிரிக்க வேண்டாம், மெய்யாகவே ஆண்டேன். பி.ஏ. சரித்திரம் பாஸ் பண்ணிவிட்டுத் தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தவனுக்கு அதை விட்டால் வேறு என்ன உத்தியோகம்? புது ஹார்பர் வேலைக்கு ஊரே போய்க்கொண்டிருந்த எழுபதுகள் அது. எனக்கு மட்டும் எந்த ஆபீசிலிருந்தும் ஆள் வரவில்லை. போகட்டும், அவர்கள் கூப்பிடாவிட்டால் நாமே ஒரு துறைமுகம் கட்டிக்கொள்வோம் என்று பழைய காலண்டர் தாள் நாலைக் கஞ்சிப்பசை போட்டு ஒட்டி, பின்பக்கத்தில் கடல் வரைந்தேன்.

அந்தக் கடலில் ஏழு பார். பார் என்றால் கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளைகிற பாறைத்திட்டு. எங்கள் பக்கத்துக் கடலில் நிஜமாகவே உண்டு. கடைசி முத்துக்குளிப்பு நடந்தபோது நான் அரை டவுசர் போட்டுக்கொண்டு கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். என் காலண்டர் கடலில் ஏழாவது பாருக்கு அடியில் இளநித் தண்டிப் பருமனில் ஒரு முத்து கிடந்தது. அதைச் சுற்றி நீலச்சுறாக் கூட்டம். அந்த முத்தை எடுத்து வந்து கரையில் வைக்கிறவர் ராச்சியத்துக்கு ராசா. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தோணி, முங்குவதற்கு நாலு ஆள், பிறவியிலேயே வந்த ஒரு வரம். ஒருவருக்கு மீன்பாஷை தெரியும். ஒருவருடைய ஆட்கள் முன்னூறு எண்ணும் வரைக்கும் தண்ணீருக்குள் மூச்சடக்குவார்கள். ஒருவர் கூப்பிட்டால் காற்று வரும். ஆறு சோழியை உருட்டி, மல்லாந்து விழுந்த எண்ணிக்கைக்குத் தோணியை நகர்த்த வேண்டும். இதற்கெல்லாம் சட்டதிட்டம் நாற்பது பக்கம் நீள நோட்டில் எழுதினேன். டிகிரிப் பரீட்சையில்கூட நான் அவ்வளவு எழுதியதில்லை. மூன்றாம் வகுப்பில் பாஸானதற்கு அதுதான் காரணம்.

ஆட்டக்காரர் மூன்று பேர். ஒன்று என் அக்கா, என்னைவிட ரெண்டு வயது மூத்தவள். காற்றைக் கூப்பிடுகிற வரம் அவளுக்கு. ரெண்டாவது எங்கள் தாய்மாமன் மகன், கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க்கு. கல்யாணமானவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்தால் பெண்டாட்டி வேலை சொல்லுவாள் என்று எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுகிற மச்சான். மூச்சடக்குகிற ஆட்கள் அவரிடம். மூன்றாவது, பக்கத்து வீட்டில் குடியிருந்த நாசரேத்து வாத்தியார். புராட்டஸ்டண்ட் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து மிஷன் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாரானவர், மீன்பாஷைக்காரர். வேதப் புஸ்தகத்தைப் போலவே என் நோட்டையும் அதிகாரம், வசனம் என்று பிரித்துத்தான் வாசிப்பார். ஞாயிறு பூசை முடிந்து, கறிச்சோறு தின்று, ரெண்டு மணிக்குக் கடல் விரிப்போம். அம்மா சுவரோரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, இந்த நாலுக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அப்பப்போ ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

நான் ஆடவில்லை. நான்தான் ராச்சியம். சபை நான், சுங்கம் நான், மழை நான், வெயில் நான். எல்லாத்துக்கும் மேலே கடல்கட்டி நான். கடல்கட்டி என்று ஒரு உத்தியோகம் அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் இருந்ததாகக் கடற்கரையில் பேசிக் கேட்டிருக்கிறேன். மந்திரம் போட்டுச் சுறாவின் வாயைக் கட்டுகிற ஆள். அவர் கரையில் நின்று 'கட்டியாச்சு' என்று சொன்ன பிறகுதான் முங்குகிறவர்கள் கடலில் இறங்குவார்களாம். மாதாவை வேண்டி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்ட எங்கள் ஆட்களும் இவர் வாயையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் குதிப்பார்களாம். எனக்கு அந்த உத்தியோகம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. துடுப்புப் போட வேண்டாம், நனைய வேண்டாம், கரையில் நின்று 'ம்' என்றால் போதும். எனக்கென்றே செய்துவைத்த வேலை. அதை அப்படியே நோட்டில் ஏற்றினேன். கடல்கட்டி கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் எந்தப் பாரிலும் எவரும் இறங்கக்கூடாது.

ஒரு வருஷம் ஆடினோம். ஒருத்தரும் ராசா ஆகவில்லை.

வாத்தியார்தான் முதலில் கேட்டார். "தம்பி, ஒரு சந்தேகம். இந்த ஆட்டத்துல நாங்க எதுக்கு சோழி உருட்டுதோம்?"

"என்ன சார் இப்படிக் கேக்கீங்க?"

"இல்ல, நான் மீன்கிட்ட பேசுனாலும் சரி, உங்க மச்சான் மூச்சப் பிடிச்சாலும் சரி, கடைசியில உங்க சீட்டுலதான வந்து நிக்கி? ஆடுதவன் எடுக்க முடிவுக்கு இதுல என்ன மதிப்பு? எல்லாம் சபையும் சுங்கமும் கடல்கட்டியும்லா முடிவு பண்ணுதாவ."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரித்திரம் படித்தவனைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா? எழுந்து நின்றே பதில் சொன்னேன். "சீட்டுங்கிறது ஒரு முறைதான் சார். எந்தப் பாருக்குப் போகணும், எப்பப் போகணும், யார்கூடச் சேரணும், யாரைக் கவுக்கணும், எல்லாம் உங்க இஷ்டம். மனுஷன் எடுக்கிற முடிவுதான் அவன் விதி. சபையும் சட்டமும் சும்மா கரை மாதிரி. ஓடுறது தண்ணிதான்."

"எங்க ஆபீஸ்லயும் இதத்தாம்லே சொல்லுதாவ," என்றார் மச்சான். "லீவு கேக்கது உன் இஷ்டம், சாங்ஷன் பண்ணுதது எங்க இஷ்டம்னு."

இந்தச் சண்டை வாராவாரம் நடந்தது. சில ஞாயிறுகளில் ஆட்டமே நடக்காமல் சண்டை மட்டும் நடந்தது. நான் வாய் கிழியப் பேசினேன். மனித சுதந்திரம், வீரம், துணிவு என்று நான் எடுத்துவிட்டதையெல்லாம் இப்போது நினைத்தால் காது கூசுகிறது. வேலைக்கு மனுப் போடுவதற்கே அம்மா நாலுதரம் சொல்ல வேண்டியிருந்த ஆள் பேசுகிற பேச்சா அது! அக்கா மட்டும் சண்டையில் சேரமாட்டாள். சோழிகளைக் கைக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டு காலண்டர் கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் என்ன பார்த்தாள் என்பது ஈஸ்டர் நோன்பான தவசுகாலத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. மற்ற ரெண்டு பேரையும் அவள் சத்தம் காட்டாமல் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். வாத்தியார் மீன்பாஷையில் பேசிச் சுறாக்களை அஞ்சாவது பாருக்கு இழுத்துக்கொண்டு போனார். மச்சான் மூச்சடக்குகிற ஆளை அவளுக்கு இரவல் கொடுத்தார். அவள் கரைக்காற்றைக் கூப்பிட்டு ஏழாவது பாரில் போய் நங்கூரம் போட்டாள். சோழியை உருட்டினாள். ஆறும் மல்லாந்து விழுந்தது. அம்மாகூட அரிசியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். அக்கா என் முன்னால் கையை நீட்டினாள்.

"சீட்டு குடுலே."

நான் யோசித்தேன். இவள் முத்தெடுத்தால் இவள் ராணி. இவள் ராணியானால் ஆட்டம் முடிந்தது. ஆட்டம் முடிந்தால் நான் யார்? வேலையில்லாத பி.ஏ. அவ்வளவுதான். இதையெல்லாம் ஒரு நொடியில் நினைத்தேன், நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். வாய் தன்பாட்டில் பேசியது.

"கடல்கட்டி ஊர்ல இல்ல. ஆழ்வார்திருநகரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காவ."

"எப்ப வருவாவ?"

"தெரியாது."

"அப்ப வேற ஆளப் போடு. நானே கட்டுதேன் சுறாவ."

"அது ஆம்பிளைக்குள்ள உத்தியோகம்க்கா. பொம்பள கட்டக்கூடாது."

வாத்தியார் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். "அப்படி எந்த எடத்துலயும் எழுதலியே தம்பி." நான் நோட்டை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் கண் முன்னாலேயே நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதினேன். கடல்கட்டி ஆண்மகனாக இருக்க வேண்டும். முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "ஏலே, சுறாவும் பொய்யி. ராசாவும் பொய்யி. கடலு காலண்டர் தாளு. எல்லாம் நீ உக்காந்து கட்டுன கதை. இந்த ஆம்பிளங்கிறத மட்டும் எங்கன இருந்துலே கொண்டு வந்த?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்த வரியை அடிக்கவில்லை.

அடுத்த மாசமே ஆர்டர் வந்தது. எனக்கில்லை, அக்காவுக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தாள். எழுதிவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. குசினியில் அடுப்பு ஊதுகிற குழலைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ, நம்பர் ப்ளீஸ்" என்று சுவரோடு பேசுவாள். "லைன் பிஸி, காத்திருங்கள்" என்று பானையிடம் சொல்லுவாள். அம்மா "ஏளா, சோறு பொங்குது, அதுக்குப் பதிலச் சொல்லு" என்பாள். அந்த வேலைதான் பழுப்புக் கவரில் வந்து எங்கள் வீட்டு மேசைமேல் கிடந்தது. பதினேழு நாளில் மெட்ராசில் போய்ச் சேர வேண்டும். பயிற்சி அங்கேதான். குறித்த நாளில் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

பட்டணத்தில் எங்களுக்கு நாயும் தெரியாது, நரியும் தெரியாது. தங்குவதற்குக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஹாஸ்டல் ஒன்று இருந்தது. பங்குச் சாமியார் எழுதிக் கேட்டார். நாலே நாளில் அச்சடித்த விண்ணப்பப் பாரம் வந்துவிட்டது. கீழே ஒரு கோடு, கோட்டுக்கடியில் 'தகப்பனார் அல்லது வயது வந்த சகோதரர் கையொப்பம்'. பயிற்சி தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னால் அது அவர்கள் கைக்குக் கிடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டில் வேறு பெண்ணுக்கு என்று ஒரு மதர் அழகான எழுத்தில் எழுதியிருந்தார்.

அப்பா ஊரில் இல்லை. அப்பா தோணித் தண்டல், பாய்மரச் சரக்குத்தோணிக்குத் தலைவர். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. காற்றும் சரக்கும் விட்டால்தான் திரும்பி வருவார். அம்மா ரொம்பச் சுருக்கமாக முடித்துவிட்டாள். "தங்க எடம் உறுதின்னா புள்ள போவட்டும். எனக்குக் கையெழுத்துத் தெரியாது. தெரிஞ்சாலும் அதுல அம்மான்னு போடலியாம். நீ போட்டு அனுப்பிருலே."

ஆக, சுற்றிச் சுற்றி வந்து சீட்டு என் கையில் நின்றது. நிஜச் சீட்டு.

நான் பேனாவைத் திறந்தேன். மூடினேன். "அப்பா வரட்டும்மா," என்றேன். "சின்ன விஷயமா இது? நாளைக்கு அப்பா வந்து 'எவனக் கேட்டு அனுப்புன'ன்னு என்னைத்தான் கேப்பாவ."

அது பயம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன், பயம் கால்வாசிதான். மீதி வயிற்றெரிச்சல். பி.ஏ. படித்தவன் நான், பழுப்புக் கவர் அவளுக்கு. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "அக்காவுக்கு ஆர்டர் வந்திச்சாமே, ஒனக்கு?" என்று கேட்டார்கள். பாரம் பத்திரமாக இருக்கட்டும் என்று ஆட்ட நோட்டுக்குள் வைத்தேன். நாற்பத்தோராம் பக்கத்திலா என்று கேட்காதீர்கள். அங்கேதான்.

அக்கா என்னிடம் மூன்றுதரம் கேட்டாள். முதல்தரம் கேட்டபோது நான் பெருந்தன்மையாகப் பதில் சொன்னேன். "போறதும் போகாததும் உன் இஷ்டம்க்கா. நீ போறதுன்னா நான் குறுக்க நிக்கமாட்டேன்."

"நீ குறுக்க நிக்காண்டாம், நெடுக்கவும் நிக்காண்டாம். கையெழுத்தப் போடு."

"முடிவு உன்னோடதா இருக்கணும். என் கையெழுத்துல என்ன இருக்கு? அது ஒரு முறை. உன் மனசு என்ன சொல்லுதோ அதுதான்..." கால்மணி நேரம் பேசினேன். மனித சுதந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையையும் சொன்னேன். அவள் முழுசும் கேட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். நன்றாகப் பேசிவிட்டோம் என்ற திருப்தியோடு நான் சாப்பிடப் போனேன். அடப்பாவி, ஒரு கோட்டின்மேல் பேரை எழுதுகிற நேரம்கூட ஆகாது அந்தக் காரியத்துக்கு!

ரெண்டாம்தரம் கேட்டபோது "அப்பா இந்த வாரம் வந்துருவாவ" என்றேன். மூன்றாம்தரம் கேட்டபோது நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கிடந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

தினமும் பழைய ஹார்பருக்கு நடந்துபோய் அப்பாவின் தோணி வந்துவிட்டதா என்று விசாரித்தேன். கடமையில் நான் குறை வைக்கவில்லை, பார்த்துக்கிடுங்க. "காத்து விழுந்துபோச்சு தம்பி, கொழும்புல பாய சுருட்டிக்கிட்டு கெடக்காவ," என்று ஒரு தண்டல் சொன்னார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "அப்படியா அண்ணாச்சி" என்றேன். உள்ளுக்குள் ஒரு ஆறுதல். காற்று இல்லாததற்கு நான் என்ன செய்ய முடியும்?

மச்சான் வந்து கத்தினார். "ஏலே, போட்டுத் தொலையேம்லே! ஒன் சொத்தா போவுது?" வாத்தியார் வேலிப்பக்கம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "நான் போடலாம்னா போட்டிருப்பேன் தம்பி. சகோதரர்னுதான் அச்சடிச்சிருக்காவ. எங்க சபையில நாங்க எல்லாருமே சகோதரர்தான். ஆனா ஒங்க கன்னியாஸ்திரி அத ஒத்துக்கிடமாட்டாவ." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரித்தேன். அவர் உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அக்கா ரயிலேறுவதற்கு முந்தின நாள் மத்தியானம் பச்சைத் தகரப்பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். புதுசாகத் தைத்த ரெண்டு ரவிக்கை. ஒரு ஜெபமாலை. ஒரு சின்னக் கண்ணாடி. அடுக்கினதை எடுத்து மறுபடி அடுக்கினாள். அப்பா வந்துவிடுவார் என்று அவளும் நினைத்திருக்கிறாள், நான் மனசு மாறுவேன் என்றும் நினைத்திருக்கிறாள். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. சீ, என்ன மனுஷன் நான் என்று தோன்றியது. ஓடிப்போய் நோட்டைத் திறந்து பாரத்தை எடுத்தேன். பேனாவை உதறி, கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டேன். சும்மா போடவில்லை, அடியில் சுழி போட்டு, பக்கத்தில் பி.ஏ. என்றும் சேர்த்து, ஒரு ராச்சியத்தையே எழுதிக் கொடுக்கிற தோரணையில் போட்டேன். கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

"இந்தாக்கா. போய்ட்டு வா."

அவள் வாங்கிப் பார்த்தாள். சுழியையும் பார்த்தாள், பி.ஏ.வையும் பார்த்தாள்.

"இத இனி எங்கன அனுப்பலே?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "இது நேத்தே அங்க இருந்திருக்கணும். மதர் எழுதுன கடுதாசிய நீ வாசிக்கலியா?"

வாசித்திருந்தேன். ஆனால் என் மண்டையில் இருந்தது காலண்டர் கடல். அங்கே கடல்கட்டி எப்போது கையெழுத்துப் போட்டாலும் அந்த நொடியே சுறா வாயை மூடும். நாள் கடந்துபோகும், தபால் போய்ச் சேர நேரமாகும் என்பதெல்லாம் என் நாற்பத்தொரு பக்கத்தில் எங்கும் கிடையாது. ஆட்டத்தைக் கட்டினவனே அதற்குள் குடியிருந்துவிட்டால் இப்படித்தான்.

தந்தி ஆபீசுக்கு ஓடினோம். மச்சானும் கூட வந்தார். 'பாரம் வருகிறது, கட்டில் வைக்கவும்' என்று அடித்தோம். மறுநாள் காலையிலேயே பதில் வந்தது. கட்டில் போய்விட்டது, வருந்துகிறோம். "அப்ப சரி," என்றாள் அம்மா, "தங்க எடமில்லாம வயசுப்புள்ளைய அவ்வளவு தூரம் எப்படி அனுப்ப?" அக்கா ரயில் புறப்படுகிற நேரத்துக்குக் கிணற்றடியில் உட்கார்ந்து வீட்டிலிருந்த அத்தனை பேர் துணியையும் துவைத்தாள். என் சட்டையும் அதில் இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் தின்றேன்.

நாலு நாள் கழித்து, காலையில் அப்பா வந்தார். கடல் உப்பு காய்ந்த முகத்தோடு வாசலில் செருப்பை விடும்போதே சந்தோஷமாகக் கேட்டார்.

"புள்ள பட்டணத்துக்குப் போய்ச் சேந்துட்டாளா? கடுதாசி வந்திச்சா?"

அக்கா உள்ளேயிருந்து வெளியே வந்து நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

இங்கிருந்து போன ஒரு தண்டல் கொழும்பில் அவரிடம் சொல்லியிருக்கிறார், "உம்ம மகளுக்கு டெலிபோன் ஆபீஸ்ல ஆர்டர் வந்திருக்காம்வே" என்று. அன்றைக்கே அப்பா கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். இடுப்பிலிருந்து கைலேஞ்சித் துணியில் முடிந்த ஒரு பொட்டலத்தை எடுத்தார். அவிழ்த்தார். பெண்கள் கட்டுகிற சின்னக் கைக்கடிகாரம். கறுப்புத் தோல் வார்.

"வேலைக்குப் போற புள்ளைக்கு வாட்ச் வேணும்லா," என்றார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். "நீங்க வரட்டும்னுதாம்ப்பா இருந்தேன். உங்களக் கேக்காம..."

"என்னைய எதுக்குலே கேக்கணும்? ஆர்டர் வந்தா போவணும். இதுல கேக்க என்ன இருக்கு?" அப்பா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் தோணியில ரெண்டு மணி நேரம் கண்ணசருவேன். அப்ப சுக்கான் பிடிச்சவன் 'தண்டல் எந்திரிக்கட்டும்'னு கைய எடுத்துட்டு நிப்பானாலே?"

மச்சான் அன்று சாயங்காலம் கேள்விப்பட்டு வந்து ஒரே வார்த்தையில் முடித்தார். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கமாட்டாங்கிறது ஒன்னையப் பாத்துத்தாம்லே சொல்லி வச்சிருக்கான்."

அக்கா வாட்சை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டாள். மாதா கோயில் மணி அடிக்கும்வரை காத்திருந்து முள்ளைச் சரிபண்ணினாள். அழவில்லை. "நல்லாருக்குப்பா" என்றாள். நான்தான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். பெரிய வீரன்.

மேலதிகாரிக்கு மனு எழுதினோம். நாலு பக்க மனு, நான்தான் எழுதினேன், இலக்கணமாக எழுதினேன். அச்சடித்த ஒரு துண்டுத்தாள் பதிலாக வந்தது. இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பதினேழு நாள் கொடுத்திருந்தார்கள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கவில்லை. நிறுத்துவோம் என்று யாரும் சொல்லவில்லை. வாத்தியார் ரெண்டு வாரம் வந்தார், அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். காலண்டர் கடலை அம்மா கருவாடு பொதியக் கொடுத்துவிட்டாள். நோட்டைக் கரையான் தின்றது. ஏழாவது பாருக்கு அடியில் அந்த இளநித் தண்டி முத்து எவர் கையிலும் படாமல் போயிற்று.

எனக்கும் ஒருநாள் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து சட்டைப்பையில் பேனா இல்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை. எவர் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதலில் கையெழுத்து, பிறகுதான் வாசிப்பு. இதனால் ஆபீசில் ரெண்டுதரம் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தெரியாத ஒருவன் ஜாமீன் பத்திரத்தை நீட்டியபோதும் போடப்போனேன், என் மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த ஒரு கோட்டில் போடாததை இத்தனை கோட்டில் போட்டாலும் ஈடாகாது என்று தெரியும். தெரிந்தும் கை நிற்பதில்லை.

அக்கா மூன்று வருஷம் வீட்டில் இருந்தாள். பிறகு வாத்தியார் யோசனை சொல்லி டீச்சர் ட்ரெயினிங் படித்து, சாத்தான்குளத்தில் டீச்சரானாள். அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. ஊருக்கு வந்தால் எனக்குப் பிடித்த மீன்குழம்பு வைப்பாள். அவள் வீட்டுக்கு டெலிபோன் வந்தபோது மட்டும், மணி அடித்தால் அவள் எழுந்திருக்கமாட்டாள். பிள்ளைகள்தான் ஓடிப்போய் எடுப்பார்கள். நான் அதைக் கவனித்தேன் என்பது அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

ரொம்ப வருஷம் கழித்து அவள் வீட்டில் ஒரு விசேஷம். சாப்பாடு முடிந்து வராந்தாவில் பழைய ஆட்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். மச்சானுக்குத் தலை முழுசும் நரைத்திருந்தது. வாத்தியார் கைத்தடியோடு வந்திருந்தார். அவருக்கு மட்டும் அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

"தம்பி, அந்த ஆட்டத்துல யாரு சொன்னது சரி? ஆடுதவன் எடுக்க முடிவா, இல்ல ராச்சியத்துச் சட்டமா? எது காரியத்த நடத்துது?"

எனக்கு வயசாகியும் புத்தி வரவில்லை. ஆரம்பித்துவிட்டேன். ரெண்டுமே ஒன்றையொன்று சார்ந்தது சார், சட்டத்தைச் செய்கிறவனும் மனுஷன்தானே, ஆனால் அந்த மனுஷனைச் சட்டம்தான் செய்கிறது என்று இழுத்துக்கொண்டே போனேன். வாத்தியார் பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு நாளும் இதுல வாய் தெறக்கலியேம்மா. நீங்க சொல்லுங்க, ரெண்டுல எது?"

அக்கா எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை.

"ரெண்டும் இல்ல சார். இவன்தான்."

சொல்லிவிட்டு இலைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாத்தியார் என்னைப் பார்த்தார். நாற்பத்தொரு பக்கம் சட்டம் எழுதின நான், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தேன், மூடினேன்.